வாயால் சொன்னால் மொட்டை

'துரு' குழுவின் புது ஆல்பத்துக்கு 'ஈரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெட்டல் குழு அது. கிதாரை அடித்தால் கேட்கிறவனுக்குப் பல் கூச வேண்டும். அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயர் 'கூர்'. இரண்டாவது 'வெறிநாய்'. பதினோரு வருஷம் கழித்து மூன்றாவது வருகிறது, அதற்குப் போய் 'ஈரம்'. வார இதழ் தொடர்கதைக்கு வைக்கிற பெயர். அட்டையில் ஒரு மொட்டை மாடி, ஒரு கொடிக்கயிறு, அதில் காய்கிற ஒரு வேட்டி. சோப்பு விளம்பரத்துக்கு எடுத்ததில் மிஞ்சிய படமாக இருக்கும்.

என் பெயர் அம்மையப்பன். வயது நாற்பத்து மூன்று. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். முதுகில் பாதி வரைக்கும் முடி. இந்த முடியை வெட்டச் சொல்லி முதல்வர் மூன்று முறை எழுத்தில் கேட்டார், மூன்று முறையும் முடியாது என்று எழுத்திலேயே கொடுத்தேன். பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளில் இதனாலேயே தட்டிப்போனது. மூன்றாவது வீட்டில் சித்ரலேகா, "முடியும் அவருது, சிக்கெடுக்குற பாடும் அவருது, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டாள். இருபது வருஷ முடி. 'துரு' முதன்முதலாக மேடையேறிய வருஷத்திலிருந்து வளர்க்கிறேன்.

எனக்கு எதையும் வாசிக்கத் தெரியாது. கேட்கத் தெரியும். அதுவும் ஒரு வித்தைதான், ஆனால் அதற்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை. 'துரு – பழைய ஆட்கள்' என்று வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறேன். இருபத்து மூன்று பேர். அதில் எது மெட்டல், எது கல்யாண வீட்டு மெல்லிசை என்று தீர்ப்பு சொல்கிறவன் நான். இன்ஸ்டாகிராமில் முப்பது விநாடி கேட்டுவிட்டு மண்டையோட்டு பனியனோடு சுற்றுகிற பொடியன்களை அதில் சேர்ப்பதில்லை.

'துரு'வின் பாடகன் பலவேசம் என் தெருக்காரன். அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே மில்லில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். முப்பது வருஷம் நூற்பு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று இரண்டு பேருக்கும் காது போய்விட்டது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அதனால் எங்கள் தெருவில் யாரும் பேசமாட்டார்கள், கத்துவார்கள். ரசத்துக்கு உப்பு பற்றவில்லை என்பதைக்கூட அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படிதான் சொல்ல வேண்டும். மற்ற ஊர்ப் பாடகர்கள் வெளிநாட்டுக்காரனைப் பார்த்துக் கத்தக் கற்றுக்கொண்டார்கள். பலவேசம் அவன் அப்பாவிடம் பரீட்சை ஃபீஸ் கேட்டுக் கற்றுக்கொண்டான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் பாளையங்கோட்டையில் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, அப்பாவோடு அங்கேயே குடிபோய், முடியை வெட்டிக்கொண்டான். நான் குழுவில் எழுதினேன்: "துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டார்கள். இனி லாக்கரில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம்." பதினேழு பேர் சிரித்தார்கள். பலவேசம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் குழுவிலிருந்து வெளியேறினான். சண்டை போடவாவது கூப்பிடுவான் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. நான் வைக்கிற ஸ்டேட்டஸை மட்டும் ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் அப்பா பாளையங்கோட்டையில் இறந்துபோனார். எங்கள் பக்கம் ஆயிரம் பகை இருந்தாலும் துட்டி கேட்கப் போய்விட வேண்டும். கல்யாணத்துக்கு வராதவனை மறந்துவிடுவார்கள், சாவுக்கு வராதவனை மறக்கமாட்டார்கள். என் அப்பா அப்போது கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு கிடந்தார். "ரெண்டு பேருக்கும் சேத்து நீ போயிட்டு வாலே" என்று அனுப்பினார். நான் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். அங்கே மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன், நாலு டீ குடித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, துட்டி வீட்டுக்குப் போய்வந்தவன் மாதிரி வாசலிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போனேன். "கூட்டமாலே?" என்று அப்பா கேட்டார். "நல்ல கூட்டம்பா" என்று கத்தினேன். கேவலமான காரியம். தெரிந்தே செய்தேன். இதைச் சித்ரலேகாவிடம்கூடச் சொன்னதில்லை.

ஆல்பம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. காலை ஏழு மணி பஸ்ஸில் ஹெட்போனை மாட்டினேன். முதல் பாட்டு தொடங்கி இரண்டு நிமிஷம் ஒற்றைக் கிதார் சொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு பலவேசம் பாடினான். ஆமாம், பாடினான், கத்தவில்லை. பக்கத்து மேசைக்காரனிடம் பேனா கேட்கிற மாதிரி ஒரு குரல். வங்கியில் பழக்கியிருப்பார்கள். கல்லிடைக்குறிச்சி வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. வீரவநல்லூரில் இரண்டாவது பாட்டு பாதியில் இருக்கும்போது குழுவில் தீர்ப்பு எழுதினேன்: "ஈரம் கேட்டேன். குப்பை. மெட்டலும் இல்லை, மெல்லிசையும் இல்லை. வட்டி விகிதத்தை ராகம் போட்டுச் சொல்கிறார்கள்."

மேலப்பாளையத்தில் மொபைல் கடை வைத்திருக்கிற ஃபர்ஹத்துக்கு யாரையும் பிடிக்காமல் போகாது. அது அவன் குறை. குரல் செய்தி அனுப்பினான்.

"ஓய், பாட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகல. ஒன்றரைப் பாட்டக் கேட்டுட்டு ஒப்பாரி வைக்காதீரும்வே. முழுசாக் கேளும். அஞ்சாவது பாட்டு என்னமோ செய்யுது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானும் குரலிலேயே பதில் சொன்னேன். "முழுசாவே கேக்குதேன். கேட்டுட்டு இது நல்லா இருக்குன்னு என் வாயால சொன்னேன்னா, பாபநாசம் படித்துறையில மொட்ட போட்டுக்கிடுதேன். போட்டோவும் ஸ்டேட்டஸ்ல வைக்கேன்."

"மீசையுமா?"

"மீசையும்தான்வே."

"இன்ஷா அல்லா, கண்ணு குளிரப் பாக்கணும்" என்றான் ஃபர்ஹத். இருபத்து மூன்று பேரும் கட்டை விரலைத் தூக்கினார்கள்.

திங்கட்கிழமை ஆய்வக நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒவ்வொரு பாட்டாகக் கேட்டு, நிமிஷம் விநாடி போட்டு, குறைகளை எழுதுவதாகத் திட்டம். ஒரு தடவை எழுதிக் காட்டினால் ஃபர்ஹத் ஆயுசுக்கும் வாய் திறக்கக் கூடாது. "இரண்டாம் பாட்டு, 1:12, டிரம்ஸ் அடிக்கிறவன் தூங்குகிறான்." "இரண்டாம் பாட்டு, 3:40, எழுந்துவிட்டான், ஆனால் கொட்டாவி விடுகிறான்." நன்றாகத்தான் போனது. செவ்வாய்க்கிழமை நாலாவது பாட்டில், "2:05, பாஸ் கிதார் பரவாயில்லை" என்று எழுதி, அது பலவேசம் வாசித்தது இல்லை என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

புதன்கிழமை ஐந்தாவது பாட்டு. 'காதோரம்' என்று பெயர். ஏழு நிமிஷம். பெயரைப் பார்த்ததும் பேனாவைத் திறந்து தயாராக வைத்தேன்.

மில் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இரவு ஷிப்டு முடிந்து வந்த அப்பா பகலில் தூங்குவார். அவர் காதுப் பக்கம் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். கணக்கில் தோற்றதை, பீடி குடித்ததை, அம்மா அழுததை. அவருக்குக் கேட்காது. சொல்லிவிட்ட நிம்மதி நமக்கு. எங்கள் தெருவில் எல்லோரும் செய்திருக்கிறோம், ஒருத்தரும் வெளியே சொன்னதில்லை. அந்தப் பயல் அதைப் பாட்டாக்கி வைத்திருந்தான். முதலில் குரல் மட்டும். பிறகு கிதார்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, டிரம்ஸ் சேர்ந்து, மில்லுக்குள் நிற்கிற அளவுக்குச் சத்தம் ஏறியது. இப்போது கத்துவான், இப்போது கத்துவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கத்தவில்லை. குரலை ஒரு பிடிகூட உயர்த்தாமல், தூங்குகிறவர் காதில் சொல்கிற மாதிரியே சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் அவன் குரல் சத்தத்துக்குள் முங்கிப்போனது. உதடு மட்டும் அசைகிற மாதிரி எனக்குத் தெரிந்தது.

"இறங்கும்வே, பஸ்ஸு ஷெட்டுக்குப் போவுது" என்று கண்டக்டர் தோளைத் தட்டினார். ஜங்ஷன் தாண்டியது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். நோட்டில் "ஐந்தாம் பாட்டு" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

நான் லேசில் விடுகிறவன் இல்லை. ஒருவேளை என் காதில்தான் கோளாறோ என்று அன்று சாயங்காலம் 'வெறிநாய்' ஆல்பத்தைப் போட்டுப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அதிகம் கேட்டது அதைத்தான். முப்பது வயதுப் பயல்கள் நாலு பேர், யார்மேல் கோபம் என்றே தெரியாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பாட்டில் தலை வலித்தது. அணைத்துவிட்டு பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. இருபது வருஷமாக ஊரையே இளக்காரமாகப் பார்த்துவிட்டு, கடைசியில் ஊர்க்காரன் மாதிரியே தலைவலி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் சித்ரலேகா சமையலறையிலிருந்து கேட்டாள். "என்னமோ முனங்குதியளே, புதுப் பாட்டா? நல்லா இருக்கு. இதுல சொல்லுகூட வெளங்குது."

சொல் விளங்குகிறதாம். ஒரு மெட்டல் ரசிகனை இதற்குமேல் யாரும் அவமானப்படுத்த முடியாது. ஆனால் நான் முனகிக்கொண்டிருந்தது உண்மை.

பத்து நாள் குழுவில் வாயைத் திறக்கவில்லை. "என்னவே, சத்தத்தக் காணும்?" என்று ஃபர்ஹத் கேட்டான். "கேக்குதேன், கேக்குதேன்" என்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. குப்பை என்று ஒரே ஒரு வார்த்தை மறுபடி எழுதினால் விஷயம் முடிந்தது. என் காதுக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? நாலு முறை எழுதி நாலு முறையும் அழித்தேன். மற்ற எல்லா விஷயத்திலும் பொய் சொல்லியிருக்கிறேன், 'துரு' விஷயத்தில் மட்டும் சொன்னதில்லை. அதற்காக, நல்லா இருக்கு என்று வாயால் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் அது பலவேசத்தின் காதுக்குப் போகும். அவனுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் பாட்டை மட்டும் பாராட்டினால் அது ஒரு பிழைப்பா?

கடைசியில் கோழைகளுக்கென்றே உள்ள ஒரு வழி எனக்குத் தோன்றியது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் அபராதத்தை மட்டும் கட்டிவிடுவது. எதுவும் சொல்லமாட்டேன், மொட்டையை மட்டும் போட்டுக்கொள்வேன். புரிகிறவனுக்குப் புரியட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பாபநாசம் போனேன். படித்துறையில் மொட்டை போடுகிறவர் என் முடியை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் தெளித்தார்.

"மீசையும் எடுக்கணுமா?"

"எடுக்கணும்."

அவர் குரல் மாறியது. "அப்பாவா, அம்மையா?"

"யாரும் இல்லவே. சும்மா சிரையும்."

"கோவத்துல அப்படிச் சொல்லப்படாது அண்ணாச்சி" என்றார் பைய. "எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். மனசத் தேத்திக்கிடும்."

அப்பா உயிரோடு இருக்கிறவன் இங்கே வந்து மீசையையும் எடுத்து மொட்டை போட மாட்டான். அது எனக்குத் தெரியாததா என்ன? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் இரண்டு வாரமாக என் புத்தியில் ஃபர்ஹத்தும் இருபத்து மூன்று கட்டை விரல்களும் தவிர வேறு எதற்கும் இடமில்லை. அவருடைய ஆறுதலைக் காதில் வாங்காமல் உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷம் ஏழெட்டு நிமிஷத்தில் படியில் கிடந்தது. கண்ணாடியில் பார்த்தால் தோலுரித்த பனங்கிழங்கு மாதிரி ஒருவன். துண்டைப் போர்த்திக்கொண்டு ஆற்றைப் பின்னால் வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். இந்த நேரத்தில் எதற்குப் படம் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. எடுத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தையும் எழுதாமல் ஸ்டேட்டஸில் வைத்தேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஆற்றில் இறங்கினேன். நன்றாக ஊறிக் குளித்து, கோயிலுக்குப் போய், கடையில் ஆற அமரச் சாப்பிட்டு, வீடு திரும்ப இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகிவிட்டது.

சித்ரலேகா தெருமுனையிலேயே நின்றாள். என் தலையைப் பார்த்தாள். மீசை இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள். "ஒங்க அப்பா செத்துட்டாவளாம், தெரியுமா?"

வீட்டு வாசலைப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேருந்து முப்பது போனு. தூத்துக்குடியில ஒங்க தங்கச்சி ஸ்டேட்டஸப் பாத்துட்டு அழுதுக்கிட்டே பஸ்ஸு ஏறிட்டா. பாதி வழியில எறக்கித் திருப்பி அனுப்பிருக்கேன். அடுத்த தெரு பேச்சித்தாய் அக்கா தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு ஓடி வந்தா. வந்து பாத்தா மாமா இட்லி தின்னுக்கிட்டு இருக்காவ. வெறுவாக்கலங்கெட்ட பயன்னு ஒங்களத் திட்டிக்கிட்டே போயிட்டா. அப்பா உசுரோட இருக்கையில மீசைய எடுத்துட்டு வந்து நிக்கியளே, அறிவிருக்கா ஒங்களுக்கு?"

பையிலிருந்து போனை எடுத்தேன். வந்த அழைப்புகளில் ஃபர்ஹத் பெயர் இல்லை, அவன் சிரிக்கிற பொம்மை அனுப்பியிருந்தான். பலவேசம் மூன்று முறை கூப்பிட்டிருந்தான். ஆறு வருஷத்துக்குப் பிறகு மூன்று முறை.

அவனைத் திருப்பிக் கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள் தெருவில் ஒரு பைக் வந்து நின்றது. பலவேசம்தான். பாளையங்கோட்டையிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஒரே மூச்சில் வந்திருப்பான் போல, முகமெல்லாம் புழுதி, கண்ணெல்லாம் சிவப்பு. ஹெல்மெட்டைக் கழற்றினான். வெட்டிய முடியில் பாதி நரைத்திருந்தது. கையில் பெரிய ரோஜா மாலை. அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தவன், நாற்காலியில் இருந்த அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"யாரு, பலவேசமா?" என்று அப்பா கத்தினார். "வாலே வா. மாலை எதுக்குலே?"

பலவேசம் மாலையைப் பின்பக்கம் மறைக்கப் பார்த்தான். அது மறைகிற அளவு மாலை இல்லை. என் பக்கம் திரும்பினான்.

"ஏம்லே மொட்ட?"

ஆறு வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். இனி ஒளிய இடமில்லை. "பாட்டு நல்லா இருக்கு" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்னலே சொல்லுதான் அவன்?" என்றார் அப்பா.

"சத்தமாச் சொல்லுங்க, மாமாவுக்குக் கேக்கல" என்றாள் சித்ரலேகா. அவளுக்கு என்மேல் அவ்வளவு கோபம்.

"பலவேசம் பாட்டு நல்லா இருக்குப்பா!" என்று கத்தினேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. "நல்லா இருக்குன்னு சொன்னா மொட்ட போடுதேன்னு பந்தயம் கட்டியிருந்தேன்! அதான்!"

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாட்டுக்கா மொட்ட? நல்லா இல்லன்னா என்ன, காத அறுத்துக்கிடுவியோ? படிச்ச பயலாம்." பிறகு என்னை விட்டுவிட்டு அவனிடம் போனார். "ஒங்கப்பன் காரியத்துக்கு என்னால வர முடியலலே. கண்ணக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். ஒண்ணா மில்லுக்குப் போனவன், மொகத்தப் பாக்கக் கொடுத்து வைக்கல. இவனத்தான் அனுப்புனேன். வந்தாம்லா?"

பலவேசம் என்னைப் பார்த்தான். அதிக நேரம் பார்க்கவில்லை. குனிந்து அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சத்தமாகச் சொன்னான்.

"வந்தான் பெரியப்பா. மொத ஆளா வந்தான்."

அப்பா தலையை ஆட்டி பேப்பரை எடுத்துக்கொண்டார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். முடியட்டும் என்றுதான் அவன் சொன்னான். ஆறு வருஷமாக நான் வங்கிக்காரன், வட்டிக்காரன் என்று ஏளனம் செய்த ஆள், என் பொய்யைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு நிற்கிறான். எனக்குத் தாங்கவில்லை. நான் அப்பாவின் மறுபக்கம் போய் அவர் காதில் கத்தினேன்.

"போகலப்பா! நான் போகல! அம்பை பஸ் ஸ்டாண்டுல உக்காந்துட்டு வந்து, ஒங்கிட்ட போனேன்னு சொன்னேன்!"

அப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"பாபநாசத்துலயா எடுத்த?"

"ஆமா."

"மீசையையும் எடுத்துட்ட. ஆத்துல முங்கிக் குளிச்சியா?"

"குளிச்சேன்."

"அப்ப அந்த மொட்ட இவன் அப்பனுக்கு ஆகட்டும்" என்றார் அப்பா. "ரெண்டு வருசம் பிந்திட்டு. பரவால்ல. அவனுக்கு இன்னொரு மவன்னு வச்சுக்கிடுதேன்."

பலவேசம் மாலையோடு வாசற்படியில் உட்கார்ந்தான். அந்த ஆல்பத்தில் ஒரு இடத்தில்கூட உயர்த்தாத குரலை உயர்த்தி, அப்பாவுக்கே கேட்கும்படி அழுதான்.